எட்டாத மூன்றாம் புள்ளி

இன்று காலை கல்மேசையைத் துடைப்பதற்காக ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்தேன். மூடியைத் திருகியதும் அந்த வாசனை மூக்கில் ஏறியது. உடனே உன்மேல் கோபம் வந்தது. போனவர்களை நினைத்தால் அழுகைதான் வரும் என்கிறார்கள். எனக்கு முதலில் வருவது கோபம்தான். நீ இருந்தால், "உனக்கு எப்பத்தான்டி கோவம் வரலை" என்று கேட்டிருப்பாய். கேளேன். வந்து கேளேன்டி.

இந்தக் கதையில் பாதி உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாமல் இருந்தது. மறு பாதி எனக்குத்தான் தெரியும், அது நடந்தபோது நீ இல்லை. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

உன் அறை அப்படியேதான் இருக்கிறது. தஞ்சாவூருக்கு வெளியே அந்தத் தகரக் கொட்டகைப் பட்டறை, அதற்குள் ஒரே ஒரு ஏசி அறை, அறைக்குள் சுவரை ஒட்டிப் போட்ட கருங்கல் மேசை. மேசைமேல் முதலாளி யாரிடமோ பழையதாக வாங்கி வந்த, அளவு பார்க்கிற சி.எம்.எம். மெஷின். பெரிய கம்பெனிகளில் இருப்பதுபோலத் தானாக ஓடாது. ஊசியைக் கையால் பிடித்து, காற்றில் மிதக்கும் மெஷின் கையை இழுத்துக்கொண்டு போய்ப் பொருளைத் தொட வைக்க வேண்டும். ஊசி முனையில் மிளகு அளவுக்கு ஒரு சிவப்பு மணி. அது தொட்டதும் டிக் என்று ஒரு சத்தம் வரும், கம்ப்யூட்டரில் ஒரு புள்ளி விழும். நான் வெளியே வெயிலில் வெர்னியரும் கேஜும் வைத்துக்கொண்டு சின்னச் சாமான்களை அளந்து பார்ப்பேன். நீ உள்ளே. சித்திரை மாதத்தில் எவனாவது சாக்குச் சொல்லிக்கொண்டு உன் அறைக்குள் நுழைந்தால், "கதவை மூடு, அளவு கெட்டுப்போகும்" என்று விரட்டுவாய். அதில் பாதிதான் உண்மை. மீதி, அந்தக் குளிர் உனக்கு மட்டும் வேண்டும் என்கிற பேராசை.

மெஷின் வந்த புதிதில் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்து நம் இருவருக்கும் பாடம் எடுத்தார், நினைவிருக்கிறதா? டேட்டம் டேட்டம் என்று நாள் முழுக்கச் சொன்னார். அளவு எந்த இடத்திலிருந்து தொடங்குகிறதோ அதுதான் டேட்டம் என்பது வரை எனக்குப் புரிந்தது. அதற்குமேல் பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். நீயும் ஆட்டினாய். சாயங்காலம் நீடாமங்கலம் திரும்புகிற ரயிலில் ஏறி உட்கார்ந்ததும், சாலியமங்கலம் வருவதற்குள் உனக்கு அது விளங்கிவிட்டது.

"நம்ம வாசல்ல பொங்கப் பானைக்குக் கல்லு வைக்கறோம்ல, அதான்டி இது. ஏன் மூணு கல்லு வைக்கறோம்? நாலு வச்சா ஒண்ணு ஆடும். மூணு வச்சா பானை உக்காந்துரும். உக்காந்த பானை சுத்தக் கூடாது, அதுக்கு ஒரு பக்கம் ரெண்டு விரல். நகரக் கூடாது, அதுக்கு இன்னொரு பக்கம் ஒரு விரல். அவ்வளவுதான். இதுக்குப் போயி அந்த மனுஷன் தொண்டைத் தண்ணி வத்தப் பேசுறாரு."

"கல்லை எங்க வேணா வைக்கலாமா?" என்று கேட்டேன்.

"எங்க வச்சாலும் தள்ளித் தள்ளி வைக்கணும். ஒட்டி ஒட்டி வச்சுப் பாரு. கரண்டியைப் போட்டதும் பானை சாஞ்சு பொங்கல் தெருவுலதான்."

எதிர் இருக்கையில் கீரைக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள், "பொங்கலுக்கு இன்னும் எவ்வளவோ நாள் கெடக்கே, அதுக்குள்ள என்ன பேச்சு" என்று சிரித்தார். நாமும் சிரித்தோம். அன்று வெளியே குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது. கயிறு பிடித்து வரிசையாக நட்டுக்கொண்டிருந்தார்கள். நீ ஜன்னல் வழியாகப் பார்த்து, "முதல் வரிசை கோணல். இனி அந்த வயல் பூரா கோணல்தான்" என்று தீர்ப்புச் சொன்னாய். உன் அம்மா நடவுக்குப் போனவர். அந்தக் கண் உனக்கும் இருந்தது. போகிற ரயிலிலிருந்தே கோணலைக் கண்டுபிடிக்கிற கண்.

அதன் பிறகுதான் நத்தை வந்தது. பம்பின் வெளி உறை அது. வார்ப்படமாக வரும்போது சுருண்டு, வயிறு பெருத்து, ஒரு பக்கம் வாய் நீண்டு, பார்க்க நத்தையேதான். நேரான இடம் ஒன்று கிடையாது, சதுரமான மூலை ஒன்று கிடையாது. எப்படி உட்கார வைத்தாலும் ஆடும். நடுவில் குடைந்த துளை நேராக இருக்கிறதா என்று கேட்டால், எதற்கு நேராக என்பதே முதல் கேள்வி. அதற்குப் பதிலாகத்தான் வரைபடத்தில் அதன் முரட்டுத் தோல்மேல் மூன்று இடங்களைக் குறித்திருந்தார்கள். வயிற்றுப் பக்கம் ஒன்று, வாய்க்குக் கீழே ஒன்று, மூன்றாவது பின்முதுகில், மேசையின் அந்தக் கோடியில். முதல் இரண்டும் கைக்கு வரும். மூன்றாவதற்கு எழுந்து நின்று, மேசைமேல் சாய்ந்து, கையை முழுக்க நீட்ட வேண்டும். பின்பக்கம் சுவர். சுற்றிப் போக வழியில்லை, நத்தையைப் பாதியில் திருப்பினால் எடுத்த புள்ளியெல்லாம் வீண்.

நீ அதைச் சாய்ந்துதான் எடுத்தாய். வருஷக்கணக்காக எடுத்தாய். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள் என்று உன்னைத்தான் பட்டறையில் சொல்வார்கள். அப்போதெல்லாம் நீ சரி என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிய ஒரு நத்தைகூட, பம்பு செய்கிற கோயம்புத்தூர் கம்பெனியிலிருந்து திரும்பி வந்ததில்லை.

பிறகு உன் கர்ப்பப்பையை எடுத்தார்கள். எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பி, அது நல்லதில்லை என்று தெரிந்து, சிகிச்சை தொடங்கினார்கள். நீ வீட்டில் இருப்பாய் என்று நினைத்தேன். ஒரு திங்கட்கிழமை ரயிலடியில் பையோடு நிற்கிறாய். முகம் வெளுத்து, சேலை இடுப்பில் தளர்ந்து. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"டாக்டர் சரின்னுட்டாரு" என்றாய்.

"எந்த டாக்டரு? ரயில்வே டாக்டரா?"

"வீட்ல உக்கார வச்சா நான் நோயாளிடி. இங்க வந்தாத்தான் நான் இன்ஸ்பெக்டரு." சொல்லிவிட்டுப் பையை என் கையில் கொடுத்தாய். அதன் பிறகு அந்தப் பை தினமும் என் கையில்தான் வந்தது. உன் கணவர் சிங்கப்பூரில். வீட்டில் மாமியாரும் படிக்கிற மகளும். வீட்டில் இருந்தால் வருகிறவர் போகிறவர் எல்லாரும் உன் வயிற்றையே பார்ப்பார்கள் என்றும் ஒருமுறை சொன்னாய். அது எனக்குப் புரிந்தது. முதலாளி பெரிய மனசு பண்ணுகிற மாதிரி உன் அறைக்கு ஒரு முக்காலி போட்டுக் கொடுத்தார். "உக்காந்தே பாருங்கம்மா" என்றார். அதோடு அவர் கடமை முடிந்தது.

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால், "இருக்கு" என்பாய். மத்தியானம் புளிச்சோற்றைப் பங்கு போட்டுத் தின்றோம். என் மாமியாரை நான் திட்டினேன், உன் மாமியாரை நீ திட்டினாய். இதையெல்லாம் பேச வாய் இருந்தது உனக்கு.

கடைசியில் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தபோது நர்ஸ் ஊசி போட உன் கையை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தார். நீ கண்ணைத் திறக்காமலே, "நம்ம ரூம் வாசம் அடிக்குதுடி" என்றாய். அதுதான் நீ என்னிடம் கடைசியாகப் பேசியது. அதனால்தான் இந்தப் பாட்டிலைத் திறந்தால் எனக்கு இப்படி ஆகிறது.

நீ போன பிறகு உன் இடத்தில் என்னை உட்கார வைத்தார்கள். காரியம் முடிந்த கையோடு, துக்கம் ஆறுவதற்குள், கோயம்புத்தூரிலிருந்து ஒரு லாரி நத்தைகளைத் திருப்பி அனுப்பினார்கள். பம்பின் உள்ளே சுற்றுகிற இறக்கை உறையில் உரசுகிறதாம். துளை சாய்ந்திருக்கிறதாம். எல்லாம் நீ சரி என்று கையெழுத்துப் போட்டவை. இப்படி ஏன் ஆனது, யாரால் ஆனது என்று ரிப்போர்ட் கேட்டிருந்தார்கள்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "என்னம்மா சாந்தி, யோசிக்கறதுக்கு என்ன இருக்கு? அளந்தவங்க தப்புன்னு போட்டு, போனவங்க பேரை எழுதிடும்மா. அவங்களுக்கு இனிமே என்ன ஆகப்போவுது?"

"போனவங்கன்னா பேரு இல்லையா சார்?" என்று கேட்டேன். குரல் எனக்கே கொஞ்சம் உயர்ந்துதான் வந்தது. "நான் பாத்துட்டுச் சொல்றேன். அவ தப்புப் பண்ணியிருக்க மாட்டா."

சொல்லிவிட்டு வந்தேன். எவ்வளவு நிச்சயமாகச் சொன்னேன் தெரியுமா? சாமி சத்தியமாக நம்பினேன். துளை போட்டவன்மேல் சந்தேகப்பட்டேன், வார்ப்படம் செய்தவன்மேல் சந்தேகப்பட்டேன், மெஷின்மேலேயே சந்தேகப்பட்டேன். உன்மேல் மட்டும் சந்தேகப்படவில்லை.

திரும்பி வந்த நத்தைகளை ஒவ்வொன்றாக மேசையில் ஏற்றி, வரைபடத்தில் சொன்னபடி மூன்று இடங்களிலும் தொட்டு அளந்தேன். சாய்வு இருந்தது. ஒன்றில் இல்லாவிட்டால் இன்னொன்றில் இருந்தது. அப்படியானால் உனக்கு ஏன் சரியென்று வந்தது? கம்ப்யூட்டரில் நீ அளந்தபோது விழுந்த புள்ளிகளைத் திறந்து பார்த்தேன். நத்தையின் படத்தின்மேல் சின்னச் சின்னப் பெருக்கல் குறிகளாக அவை தெரியும். ஆபரேஷனுக்கு முன்பு நீ அளந்தவற்றில் மூன்றாவது குறி பின்முதுகில், இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. நீ திரும்பி வந்த பிறகு அது கொஞ்சம் முன்னே வந்திருந்தது. அடுத்தடுத்த வாரங்களில் இன்னும் முன்னே. கடைசியாக அளந்தவற்றில் அது இரண்டாவது குறிக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது.

கல்லை ஒட்டி ஒட்டி வைத்திருந்தாய். நீ. பானை சாய்ந்துவிடும் என்று எனக்குச் சொன்ன நீ. வார்ப்படத்தின் தோலில் மேடும் பள்ளமும் இருக்கும். கற்கள் தள்ளி இருந்தால் ஒரு சின்ன மேடு ஒன்றும் செய்யாது. ஒட்டி இருந்தால் அதே மேடு பானையையே தூக்கிவிடும். அந்தச் சாய்ந்த பானையை நேர் என்று வைத்துக்கொண்டு அளந்தால், சாய்ந்த துளைகூட நேராகத்தான் தெரியும். உனக்குத் தெரியாதா இது? கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, "ஏன்டி, ஏன்டி இப்படிப் பண்ணினே" என்று வாய்விட்டே கேட்டேன். உன்னைப் பற்றி நான் முதலாளியிடம் சொல்லிவிட்டு வந்த வார்த்தை பொய்யாகிவிட்டது.

உன்னைக் காப்பாற்ற ஒரு வழி இருந்தது. அதையும் செய்து பார்த்தேன், மறைக்காமல் சொல்கிறேன். பெஸ்ட் ஃபிட் என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, உனக்கு அறவே பிடிக்காத பொத்தான். இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்கிற கட்டாயமே இல்லாமல், தப்பையெல்லாம் எல்லாப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு போட்டுப் பொருளை எப்படியாவது படத்தோடு பொருத்திவிடும். "அது கல்யாண வீட்டு மாமா மாதிரிடி. பொண்ணு வீட்டுக்கும் நல்லவரு, மாப்பிள்ளை வீட்டுக்கும் நல்லவரு. அவரை நம்பி ஒரு காரியமும் நடக்காது" என்பாய். நான் அந்த மாமாவைத்தான் கூப்பிட்டேன். அழுத்தியதும் திரையில் சிவப்பாக இருந்த எண்களெல்லாம் பச்சையாகிவிட்டன. அதை அச்சடித்து அனுப்பினால் நத்தையில் தப்பில்லை, உன்மேல் தப்பில்லை, அங்கே பம்பைக் கோர்த்தவன்மேல்தான் தப்பு என்றாகிவிடும்.

பச்சையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அந்த நத்தைகள் திரும்பவும் போகும், எவனோ ஒரு விவசாயியின் போர்செட்டில் உரசிக்கொண்டு நிற்கும். அதில் உன் கையெழுத்து இருக்கும். முழுப் பூசணிக்காயை உன் பெயரால் சோற்றில் மறைக்க எனக்கு மனசு வரவில்லை. அழித்துவிட்டேன். அழித்ததற்கு உன்மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

சரி, இன்னும் ஒருமுறை பார்ப்போம் என்று ஒரு நத்தையை மறுபடி ஏற்றினேன். இந்த முறை நீ உட்கார்ந்த முக்காலியில் உட்கார்ந்து செய்து பார்த்தேன். முதல் புள்ளி, டிக். இரண்டாவது, டிக். மூன்றாவதற்குக் கையை நீட்டினேன். உட்கார்ந்தபடி ஊசி எதுவரைக்கும் போனதோ அங்கேதான் உன் கடைசிப் பெருக்கல் குறி இருந்தது. எழுந்து நின்று மேசைமேல் சாய்ந்தேன். கல்லின் விளிம்பு என் அடிவயிற்றில் பதிந்தது. இன்னும் எட்ட வேண்டும் என்று உந்தினேன். இன்னும் அழுத்தியது.

உன் தையல் அங்கேதான் இருந்தது.

அப்படியே மேசைமேல் கவிழ்ந்து அழுதேன். கருங்கல் ஜில்லென்று இருந்தது. வெளியே மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை. ஒவ்வொரு நத்தைக்கும் நீ இப்படிச் சாய்ந்திருக்கிறாய். ஆறாத தையலைக் கல் விளிம்பில் வைத்து அழுத்தியிருக்கிறாய். முதலில் முழுக்கச் சாய்ந்திருப்பாய், பிறகு முக்கால், பிறகு பாதி, கடைசியில் உட்கார்ந்தே. வலி ஏற ஏற அந்தக் குறி உன் பக்கம் நகர்ந்து வந்திருக்கிறது. அந்த வலியை மகளிடம் சொல்லவில்லை, சிங்கப்பூருக்குப் போனில் சொல்லவில்லை, தினமும் உன் பையைத் தூக்கி வந்த என்னிடமும் சொல்லவில்லை.

வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தாய்? ஒரு புள்ளிடி. ஒரே ஒரு புள்ளி. கதவைத் திறந்து, "ஏய் சாந்தி, இதை மட்டும் எடுத்துக் குடுத்துட்டுப் போ" என்று கூப்பிட்டிருந்தால் நான் ஓடி வந்திருக்க மாட்டேனா? என் பெஞ்சிலிருந்து உன் கதவு எவ்வளவு தூரம்? புளிச்சோற்றுக்குக் கூப்பிட்டாயே, அதே வாயால் இதற்குக் கூப்பிட்டிருக்கக் கூடாதா? கூப்பிட்டால் எட்டவில்லை என்று தெரிந்துவிடும், தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்திருக்கிறாய். எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய, ஆத்திரம் அடங்கவில்லையே. உன்னை நினைத்தால் நெஞ்சு வெந்துபோகிறது.

ரிப்போர்ட்டை எழுதினேன். அளந்ததில் தப்பு என்றுதான் எழுதினேன். உன் பெயரைப் போட்டேன். அதன் கீழேயே காரணத்தையும் எழுதினேன்: அளந்தவர் வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து வந்தவர், மேசை சுவரை ஒட்டி இருப்பதால் மூன்றாம் இடத்தை எட்டச் சாய்ந்தாக வேண்டும், அவரால் சாய முடியவில்லை, துணைக்கு ஆள் கொடுக்கப்படவில்லை.

முதலாளி படித்தார். மேல் பாதியைப் படிக்கும்போது தலையை ஆட்டினார். கீழ்ப் பாதியில் நிறுத்தினார்.

"இதெல்லாம் எதுக்கும்மா? அவங்க கேட்டது காரணம். நீ கதை எழுதியிருக்க."

"இதுதான் சார் காரணம்."

"எட்டலைன்னா சொல்லியிருக்கணும்ல? முக்காலி போட்டுக் குடுத்தவன் இதைச் செய்ய மாட்டேனா?"

நானும் உன்னை அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் வாயிலிருந்து அதே கேள்வி வந்தபோது எனக்கு அருவருப்பாக இருந்தது. "ரெண்டும் சேந்துதான் சார் உண்மை. கீழ எடுத்தீங்கன்னா மேலயும் எடுத்துடுங்க" என்றேன். சாயங்காலம் ரிப்போர்ட் போய்விட்டது. மேல் பாதி மட்டும். ஆபரேட்டர் மிஸ்டேக் என்று ஒரு வரி, பக்கத்தில் உன் பெயர். கோயம்புத்தூர் கம்பெனியின் கோப்பில் நீ இனி அவ்வளவுதான். உன் அத்தனை வருஷக் கண்ணுக்கும் அங்கே அந்த ஒரு வரிதான் மிச்சம்.

எப்படியோ உன் மகள் காதுக்கும் அது போய்விட்டது. நம் பட்டறையில் வேலை பார்க்கிற எவனோ ஊரில் போய்ச் சொல்லியிருக்கிறான். நீடாமங்கலம் ரயிலடியில் என்னைப் பிடித்துக்கொண்டாள். காலேஜ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, உன் தாடையை அப்படியே வைத்துக்கொண்டு.

"அத்தை, அம்மா தப்பா அளந்துட்டாங்களா?"

இல்லை என்று சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். உன் தாடையைப் பார்த்ததும் பொய் வரவில்லை. "ஆமாம்மா. தப்புதான். எப்படித் தப்பாச்சுன்னு சொல்றேன், உக்காரு" என்றேன். கல்மேசையைச் சொன்னேன். மூன்றாவது இடத்தைச் சொன்னேன். விளிம்பு எங்கே அழுத்தும் என்பதை என் வயிற்றில் கை வைத்துக் காட்டினேன். என் ரயில் வந்து போய்விட்டது.

அவள் அழவில்லை. காலேஜ் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். பிறகு, "வீட்லயும் அப்படித்தான் அத்தை" என்றாள். "மேல் தட்டுல இருந்த டப்பாவெல்லாம் ஒண்ணொண்ணா கீழ வந்துச்சு. முதல்ல உளுந்து டப்பா. அப்புறம் மல்லி, மிளகா எல்லாம். கடைசில அடுப்புப் பக்கத்துலயே எல்லாத்தையும் வச்சுக்கிட்டாங்க. இடமே இல்லம்மா, மேல வைங்கன்னு நான்தான் சண்டை போட்டேன்."

அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். "நீயாவது வாயைத் திறந்து பேசுடி, எதுவா இருந்தாலும் பேசு" என்று அவளைத்தான் திட்டினேன். அவள் என்மேல் சாய்ந்துகொண்டாள். அடுத்த ரயிலில்தான் வேலைக்குப் போனேன்.

அன்றையிலிருந்து நான் ஒரு காரியம் செய்கிறேன். நத்தை மேசைக்கு வந்தால் முதல் இரண்டு புள்ளியையும் எடுத்துவிட்டு, கதவைத் திறந்து, "யாராவது வாங்க, மூணாவது எனக்கு எட்டலை" என்று பட்டறை முழுக்கக் கேட்கக் கூப்பிடுகிறேன். எனக்கு எட்டும். எட்டும் என்பது அவர்களுக்கும் தெரியும். "என்னக்கா, முன்னெல்லாம் எட்டுச்சே" என்று முணுமுணுத்துக்கொண்டே யாராவது கையைத் துடைத்துக்கொண்டு வருகிறார்கள். எட்டலைன்னா எட்டலைதான் என்கிறேன். சாந்திக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும்.

போன வாரம் எல்லாரும் லாரியில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் கூப்பிட்டும் யாரும் வரவில்லை. நத்தை பாதியில் நின்றது. லாரி காத்திருக்கிறது என்று முதலாளியே உள்ளே வந்தார்.

"என்னம்மா, இது ஏன் நிக்குது?"

"மூணாவது புள்ளி எட்டலை சார்."

"இத்தனை நாளு எட்டுச்சு?"

"இத்தனை நாளும் எட்டலை சார். யாரும் சொல்லலை."

என்னை ஒரு பார்வை பார்த்தார். "தள்ளு, நானே எடுக்கறேன்" என்று ஊசியைப் பிடித்தார். சாய்ந்தார். அவர் தொப்பை கல்லில் போய் முட்டியது. கால் விரலில் எக்கினார். முகம் சிவந்தது. மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி சாய்ந்தார். ஊசி நத்தையின் நடு முதுகு வரைக்கும் வந்து நின்றது, அதற்குமேல் போகவில்லை. அந்த இடம் எனக்குத் தெரிந்த இடம். உன் பெருக்கல் குறி முன்னே வந்துகொண்டிருந்த வழியில் அதுவும் ஒன்று.

"இதுவரைக்கும்தாம்மா வருது," என்றார் மூச்சு வாங்க. "இங்கயே எடுத்தா போதாதா?"

"போதாது சார்," என்றேன். "அப்படி எடுத்ததைத்தான் தப்புன்னு பேரைப் போட்டு அனுப்பினோம்."

அவர் ஊசியை விட்டுவிட்டார். சட்டையை இழுத்து வயிற்றில் கல் அழுத்திய இடத்தைத் தடவிக்கொண்டார். கல்லின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றார். கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனார். அதனால் எதுவும் மாறிவிடவில்லை. மேசை சுவரை ஒட்டித்தான் இருக்கிறது. கோயம்புத்தூர்க் கோப்பில் அந்த வரி அப்படியேதான் இருக்கும். உனக்காக நான் வாங்கித் தர முடிந்ததெல்லாம் அவர் நின்ற அந்த ஒரு நிமிஷம்தான். அது உனக்கு எந்த மூலைக்கு?

அவர் போன பிறகு நானே சாய்ந்து எடுத்தேன். விளிம்பு அடிவயிற்றில் பதிந்தது. டிக் என்றது. எனக்கு அங்கே தையல் இல்லை, அதனால் எட்டுகிறது. நாளைக்கும் எட்டும். ஆனாலும் நாளைக்கும் கதவைத் திறந்து கூப்பிடுவேன், நீ ஒருநாள்கூடக் கூப்பிடாத அந்தக் கதவிலிருந்து: "யாராவது வாங்க. எட்டலை."